எட்டுக் கயிற்றுக் கோலாட்டம்

பினாங்கின் வண்ணார் துறையான டோபி காட்டில் செங்கமலம் தேய்த்த துணியைத் தனியாக அடையாளம் சொல்லிவிடலாம். கஞ்சி ஏறிய காலர் தகடுபோல நிற்கும். கைமடிப்பு இரண்டும் அளவெடுத்ததுபோல ஒத்திருக்கும். ஆஸ்பத்திரித் தாதிமாரின் வெள்ளை அங்கிகள், கடற்கரைப் பங்களாக்களின் மேசை விரிப்புகள், கல்யாணத்துக்குப் போகும் கோட்டுகள் என்று கவனமாகச் செய்ய வேண்டியதெல்லாம் அவளிடம்தான் வந்து சேரும். அவள் புருஷன் அய்யாக்கண்ணு ஆற்றங்கரைத் தொட்டியில் துவைத்து, நீலம் போட்டு, கொடியில் உலர்த்துவான். தேய்ப்பது முழுக்க அவள் பொறுப்பு.

தேய்த்த சட்டையை உதறிப் பார்ப்பாள். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பாள். யார் கண்ணுக்கும் தெரியாத ஒரு மடிப்பு அவள் கண்ணுக்குத் தெரியும். தண்ணீர் தெளித்து மறுபடி இஸ்திரிப் பெட்டியை வைப்பாள். "துணியே தேஞ்சு போகுது, விடேன்" என்பான் அய்யாக்கண்ணு. விட அவளுக்கு வராது. நன்றாக வந்த பத்துச் சட்டைகள் அவள் நினைவில் தங்குவதில்லை. ஓரத்தில் நூலளவு சுருங்கிப்போன பதினோராவது சட்டைதான் சாப்பிட உட்கார்ந்தாலும் கண்முன்னே வந்து நிற்கும். ஏன் இப்படி ஆனாள் என்று கேட்டால் அவளுக்கே பதில் தெரியாது. யாரும் அவளை அடித்துத் திருத்தியதில்லை. துணி திரும்பி வந்ததுமில்லை. பிறவியிலேயே சிலருக்கு இனிப்புப் பிடிக்காமல் போவதுபோல அவளுக்குக் குறை பிடிக்காமல் போயிற்று, அவ்வளவுதான்.

முப்பத்து நாலாம் வருஷம், தைப்பூசத்தை ஒட்டி, தமிழ்நாட்டிலிருந்து ஒரு நாடகக் கம்பெனி ஜார்ஜ் டவுனுக்கு வந்து கூடாரம் போட்டது. அய்யாக்கண்ணு பெண்சாதியைக் கூட்டிக்கொண்டு போனான். கதை என்னவென்று செங்கமலத்துக்கு அடுத்த நாளே மறந்துவிட்டது. ஆனால் இரண்டு காட்சிகளுக்கு நடுவில் ஆடிய பின்னல் கோலாட்டம் மறக்கவில்லை. மேலே ஒரு வளையத்திலிருந்து எட்டுக் கயிறுகள் தொங்கின. எட்டுப் பெண்கள் ஆளுக்கொரு கயிற்றை இடக்கையில் பிடித்து, வலக்கைக் கோலால் எதிரே வருபவளின் கோலைத் தட்டி, ஒருத்திக்கு உள்ளேயும் அடுத்தவளுக்கு வெளியேயுமாகச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். அவர்கள் தலைக்கு மேலே கயிறுகள் ஜடைபோலப் பின்னிக்கொண்டே இறங்கின. பிறகு எல்லோரும் திரும்பி, வந்த வழியே ஆடிப் போக, பின்னல் தானாகப் பிரிந்து எட்டுக் கயிறும் தனித்தனியாகத் தொங்கின. செங்கமலம் மூச்சு விடாமல் பார்த்தாள். குறையே இல்லாத ஒன்றைத் தன் ஆயுளில் முதல் தடவையாகப் பார்த்துவிட்டதாக அவளுக்குத் தோன்றியது.

மறுநாளே இஸ்திரிக் கொட்டகையின் ஆணியில் எட்டு நூல்களைக் கட்டினாள். ஒவ்வொரு நூலின் நுனியிலும் ஒரு சட்டைப் பொத்தானைக் கோத்தாள். பெட்டிக்குக் கரி கனியும் நேரமெல்லாம் பொத்தான்களை உள்ளே வெளியே என்று நகர்த்திப் பின்னிப் பார்த்தாள். ஒரு பொத்தான் தவறாகப் போனால் பின்னல் கோணிக்கொண்டது. பிரிக்கப் போனால் முடிச்சு விழுந்தது. உடனே எல்லாவற்றையும் உருவிவிட்டு முதலிலிருந்து தொடங்குவாள். பத்து நாளில் அந்த ஆட்டத்தின் கணக்கு முழுவதும் அவள் கைக்கு வந்துவிட்டது.

துறையின் ராமர் கோயிலில் ஸ்ரீராமநவமிக்குப் பெண்கள் வருஷா வருஷம் கோலாட்டம் அடிப்பது வழக்கம். சாதாரணக் கோலாட்டம்தான். இந்த வருஷம் பின்னல் போடலாம் என்று செங்கமலம் சொன்னபோது பெண்கள் ஆவலோடு சம்மதித்தார்கள். கொடிக்கயிறு இருந்தது. நான்கு கயிற்றை மஞ்சளில் முக்கினார்கள், நான்கைத் துணிக்குப் போடும் நீலத்தைக் கெட்டியாகக் கரைத்து ஊறப்போட்டார்கள். கோயிலுக்கு எதிரே நின்ற அங்சனா மரத்தின் கிளையில் ஒரு பீப்பாய் வளையத்தைக் கட்டிக் கயிறுகளைத் தொங்கவிட்டாயிற்று. பாட்டுக்குப் பிச்சைமுத்து. பகலெல்லாம் கல்லில் துணியடிக்கும் அவனுக்குக் குரல் வெண்கலம்.

'கடல் தாண்டி வந்தவரே, எங்க
கரைக்கும் கொஞ்சம் வாருமையா'

என்று ஜால்ராவோடு அவன் தொடங்கினால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் வரை கேட்கும்.

தினமும் நாலு மணிக்கு, காய்ந்த துணிகளை எடுத்துக் கொடி காலியானதும், ஒத்திகை நடந்தது. ஆடும், உடனே நிற்கும்.

"நிறுத்து, நிறுத்து. மொதல்லேருந்து."

ஒருத்தி கோலைச் சற்றுத் தாழ்த்தித் தட்டியிருப்பாள். மொதல்லேருந்து. இன்னொருத்தியின் கயிறு தொய்ந்திருக்கும். மொதல்லேருந்து. பிச்சைமுத்து முதலடியைப் பாடிப் பாடி, இரண்டாம் சரணம் தனக்கே மறந்துபோயிற்று என்று சொல்லிச் சிரித்தான். செங்கமலம் சிரிக்கவில்லை. "தப்போட பின்னினா பிரிக்க வராது. கயிறு பூட்டிக்கும். அத்தனை பேர் முன்னால முடிச்சப் பார்த்துக்கிட்டு நிக்கணும்" என்றாள். அது அவள் பொத்தான்களிடம் கற்றது.

ஒரு நாள், நாலைந்து சுற்றுப் பிசகே இல்லாமல் வந்தது. பெண்கள் முகம் மலர்ந்துகொண்டிருக்கும்போதே செங்கமலம் கையைத் தூக்கினாள்.

"இப்ப என்னக்கா?" என்று கேட்டாள் ஒருத்தி.

"நான்தான். என் கால் ஒரு நொடி முந்திருச்சு."

யாருக்கும் தெரியாத நொடி. அந்தப் பெண் கோலைக் கீழே வைத்துவிட்டு, "உன் காலுக்கே இந்தக் கதின்னா எங்க காலெல்லாம் எம்மாத்திரம்" என்று சொல்லிப் போனவள் திரும்பி வரவில்லை.

எட்டாவது ஆள் வேண்டுமே. பின்வரிசை வீட்டு வீராயி தானாக வந்து நின்றாள். "நான் வரட்டுமாக்கா?" என்றாள். வீராயி நல்ல பாரி உடம்புக்காரி. பாட்டோடு சேர்ந்து பாடிக்கொண்டே ஆடுவாள், அதனால் எப்போதும் அரைத் தாளம் பிந்துவாள். வேண்டாம் என்று சொல்லச் செங்கமலத்துக்கு வேறு ஆள் இல்லை. திருவிழாவுக்குப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது.

அந்தப் பன்னிரண்டு நாளில் 'மொதல்லேருந்து' இன்னும் பெருகியது. வீராயி முகம் சுளிக்கமாட்டாள். "சரி லா, மொதல்லேருந்து" என்று திரும்பிப் போய்த் தன் இடத்தில் நிற்பாள். ஒரு நாள் மட்டும் நெற்றியைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"அக்கா, இந்த ஆட்டத்துக்கு முடிவு எப்படி இருக்கும்?"

"எல்லாம் பிரிஞ்சு எட்டுக் கயிறும் தனியா நிக்கும். சொன்னேனே."

"சொன்னே. ஒரு தடவையாச்சும் அதுவரைக்கும் போய்ப் பார்த்திருக்கமா?"

போய்ப் பார்த்ததில்லை. இத்தனை நாளில் ஒரு தடவைகூட அவர்கள் பிரித்து முடித்ததில்லை. நல்ல நாட்களில் பாதிப் பின்னல் வரை வந்திருக்கிறார்கள். மற்ற ஏழு பேரும் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். "நாளைக்கு முடிக்கலாம்" என்றாள் செங்கமலம். மறுநாளும் முடிக்கவில்லை.

திருவிழாவுக்கு இரண்டு நாள் முன்பு, பெட்டியில் கரியை ஊதிக்கொண்டிருந்தவளின் பக்கத்தில் அய்யாக்கண்ணு வந்து உட்கார்ந்தான். மற்ற வீட்டு ஆண்கள் அவனிடம் முறையிட்டிருக்க வேண்டும். ஆனால் அவன் அதைப் பற்றிப் பேசவில்லை.

"போன வாரம் ஆஸ்பத்திரி போர்வையெல்லாம் காய்ஞ்சிட்டிருந்துச்சே, அன்னிக்கு நீ அதுக்கு நடுவுல ஆடிக்கிட்டிருந்தே."

அவளுக்கு முகம் சூடாயிற்று. நாலு பக்கமும் வெள்ளைப் போர்வை மறைத்திருக்க, யாருமில்லை என்று நினைத்துத்தான் ஆடினாள். கோலாட்டம்கூட இல்லை. கால் போன போக்கு.

"பார்த்தியா?"

"எங்க பார்த்தேன். துணிக்குக் கீழ கால் மட்டும்தான் தெரிஞ்சது. அந்தக் கால் சிரிச்சிக்கிட்டே ஆடுச்சு. மரத்தடியில ஆடுறப்ப அது சிரிக்க மாட்டேங்குது, கமலம்."

"கால் எங்கயாச்சும் சிரிக்குமா?" என்று பெட்டியை எடுத்து ஒரு சட்டையின் மேல் வைத்தாள். ஆனால் அவன் எழுந்து போன பிறகும் அந்தச் சட்டை பாதியிலேயே கிடந்தது. போர்வைக்கு நடுவில் எத்தனை தப்பு செய்தோம் என்று அவள் யோசித்துப் பார்த்தாள். தெரியவில்லை. அங்கே எண்ணுவதற்கு அவள் மறந்துபோயிருந்தாள். மரத்தடியில் மட்டும் ஏன் அது வாய்க்கவில்லை? அங்கே ஆடும்போது காலோடு ஒரு கண்ணும் சேர்ந்து ஆடுகிறது. அடுத்த அடியில் என்ன கெடப்போகிறது என்று தேடுகிற கண். அதை மூடிவைக்க அவளால் முடியவில்லை. மூடினால் எல்லாமே கலைந்துவிடும் என்று பயமாக இருந்தது.

ராமநவமி அன்று வெயில் இதமாக இருந்தது. துறையில் ஒரு துணிகூட இல்லை. எல்லாக் கொடியும் வெறுமையாகக் கிடந்தன. பக்கத்துச் சுங்கை பினாங்கிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். எதிர்க்கரை பாகான் டாலாமிலிருந்து சொந்தக்காரர்கள் படகேறி வந்திருந்தார்கள். பூசை முடிந்து பானகமும் நீர்மோரும் கொடுக்கத் தொடங்கும் முன்பு, நாலு மணி சுமாருக்கு, எட்டுப் பெண்களும் மரத்தடியில் வந்து நின்றார்கள். செங்கமலத்தின் கையில் நீலக் கயிறு. அவளுக்கு எதிரணியில் மூன்றாவதாக வீராயி, மஞ்சள் கயிற்றோடு.

பிச்சைமுத்து ஜால்ராவைத் தட்டினான். பாட்டு எழுந்தது.

முதல் சுற்று, இரண்டாம் சுற்று, மூன்றாம் சுற்று. கோல்கள் எட்டும் ஒரே கோல்போலத் தட்டின. பின்னல் மஞ்சளும் நீலமும் மாறி மாறிக் கட்டம் கட்டமாக இறங்கியது. கூட்டத்தில் யாரோ "அடேயப்பா" என்றார்கள். செங்கமலத்துக்கு அது கேட்கவில்லை. அவள் வீராயியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்தாம் சுற்றில் வீராயி பிந்துவாள், நிச்சயம் பிந்துவாள், அப்போது நாம் சற்றுப் பொறுத்துக் கோலைக் கொடுக்க வேண்டும் என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டே வந்தாள்.

ஐந்தாம் சுற்று வந்தது. வீராயி பிந்தவில்லை. சரியான தாளத்தில் கோலை நீட்டினாள். அவளுக்காகக் காத்திருந்த செங்கமலத்தின் கால்தான் தடுமாறியது. உள்ளே போக வேண்டியவள் வெளியே போய்விட்டாள். வெளியே வந்துகொண்டிருந்த வீராயி மோதிக்கொள்ளாமல் சட்டென்று தலையைக் குனிந்து உள்ளே நுழைந்து மறுபக்கம் போனாள். தாளம் நிற்கவில்லை. ஆனால் தலைக்கு மேலே, கட்டங்களுக்கு நடுவில், நீலம் ஒன்று நீளமாக விழுந்திருந்தது.

செங்கமலத்தின் கோல் பிடித்த கை தானாக மேலே எழுந்தது. எத்தனையோ தடவை எழுந்த கை. பிச்சைமுத்துவின் ஜால்ரா ஒரு கணம் தயங்கியது. ஏழு பெண்களும் அவளைப் பார்த்தார்கள். அந்த ஏழு முகங்களையும் அவள் அன்றைக்குத்தான் சரியாகப் பார்த்தாள். தப்பு யாருடையது என்று வீராயியைத் தவிர மற்றவர்களுக்குத் தெரியவில்லை. ஒவ்வொருத்தியும் தன்னுடையதோ என்று பயந்து நின்றாள். இதையா இத்தனை நாள் இவர்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தோம் என்று நினைத்தாள்.

எதிரே வந்தவளின் கோல் காத்துக்கொண்டிருந்தது. செங்கமலம் உயர்த்திய கையை அப்படியே இறக்கி அந்தக் கோலில் தட்டினாள். பிச்சைமுத்து பாட்டை விட்ட இடத்தில் பிடித்துக்கொண்டான். ஆட்டம் நகர்ந்தது.

மற்ற சுற்றுகள் எப்படிப் போயின என்று அவளுக்குத் தெரியாது. கால்கள் போயின. அவள் நினைப்பெல்லாம் மேலேயிருந்த நீலத்தில் இருந்தது. பிரிக்கும்போது பூட்டிக்கொள்ளும். கூட்டம் பார்த்துக்கொண்டிருக்கும். பின்னல் பெண்களின் தலையளவுக்கு இறங்கியதும், பாட்டின் இரண்டாம் சரணத்தில், எல்லோரும் திரும்பினார்கள். வந்த வழியே போகத் தொடங்கினார்கள். ஒத்திகையில் ஒரு தடவையும் மிதிக்காத பாதை அது.

பின்னல் கீழிருந்து ஒவ்வொரு கட்டமாக அவிழ்ந்தது. மஞ்சள் விலகியது, நீலம் விலகியது. அந்த நீளமான நீலம் கட்டம் கட்டமாக நெருங்கி வந்தது. வீராயி எதிரே வந்துகொண்டிருந்தாள். சரியாகப் போனால் உள்ளே போக வேண்டும். இத்தனை நாளாகப் பழகிய கால் உள்ளே போகத்தான் துடித்தது. இப்போதாவது சரியாகச் செய்துவிட வேண்டும் என்று செங்கமலத்தின் மனமும் அதையே சொன்னது. அவள் உள்பக்கம் சாய்ந்தாள்.

"வெளியே வாக்கா!" என்று வீராயி பாட்டோடு பாட்டாகச் சொன்னாள். "அப்ப வெளியதானே போனே! போன வழியே வா!"

ஒரு தட்டு நேரம் போதும் சில விஷயங்கள் விளங்க. உள்ளே போனால் சரி, ஆனால் கயிறு பூட்டும். பிரிய வேண்டுமானால் அந்தத் தப்பை மறுபடியும், அதே இடத்தில், அதே மாதிரி, தெரிந்தே செய்ய வேண்டும். செங்கமலம் காலை இழுத்து வெளியே வைத்தாள். வீராயி குனிந்து உள்ளே நுழைந்தாள், முன்பு குனிந்த அதே குனிவு. கோலும் கோலும் தட்டிக்கொண்டன. மேலே அந்த நீலம் ஒரு சுழி சுழித்து, முடிச்சு விழாமல், சரசரவென்று விலகிவிட்டது.

செங்கமலத்துக்குச் சிரிப்பு வந்தது. எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. சிரித்துக்கொண்டே அடுத்தவளுக்கு உள்ளே போனாள், அதற்கடுத்தவளுக்கு வெளியே போனாள். அவள் சிரிப்பதைப் பார்த்த பெண்களுக்கும் சிரிப்பு தொற்றியது. கோல்கள் ஒன்றிரண்டு முன்னே பின்னே தட்டின. வீராயி வழக்கம்போல அரைத் தாளம் பிந்தினாள். கடைசிக் கட்டமும் அவிழ்ந்து எட்டுக் கயிறும் தனித்தனியாக நின்றபோது, பெண்கள் எட்டுப் பேரும் அதை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். கூட்டம் கைதட்டியதைவிட அவர்களுக்கு அதுதான் அதிசயமாக இருந்தது. முடிவு இப்படித்தான் இருக்கும் என்று அவர்களுக்கும் அன்றைக்குத்தான் தெரிந்தது.

எட்டுப் பேரும் பிச்சைமுத்துவும் பானகம் குடித்துக்கொண்டு தொட்டிக் கல்லில் உட்கார்ந்திருந்தார்கள். கால்களைத் தண்ணீரில் விட்டிருந்தார்கள். பாகான் டாலாமிலிருந்து வந்த ஒரு பெண் வந்து, நடுவில் ஒருத்தி குனிந்து நுழைந்த இடம் ரொம்ப அழகு, யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டுவிட்டுப் போனாள்.

"அக்கா, அடுத்த வருஷமும் அதை வச்சுக்குவோம்" என்றாள் வீராயி.

"அதெல்லாம் கிடையாது. தப்பு தப்புதான்."

எல்லோரும் சிரித்தார்கள். செங்கமலமும் சிரித்தாள், ஆனால் சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை. பிறகு குவளையைக் கீழே வைத்துவிட்டு, "நீ நல்லா ஆடினே வீராயி" என்றாள்.

வீராயி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "சரி, எந்த இடத்துல தப்பு பண்ணேன், அதை மொதல்ல சொல்லிடு."

"நெசமாத்தான் சொல்றேன். அஞ்சாம் சுத்துல நீ சரியாத்தான் வந்தே. நான்தான் நீ பிந்துவேன்னு எதிர்பார்த்து நின்னுட்டேன். நீ குனியலேன்னா எல்லாம் அங்கயே போயிருக்கும்."

"குனியாம என்ன செய்ய? நிமிர்ந்திருந்தா உன் கயிறு என் கழுத்த அறுத்திருக்கும்" என்றாள் வீராயி. பிச்சைமுத்து வாயிலிருந்த பானகம் புரையேறியது.

அதற்காகச் செங்கமலம் அடியோடு மாறிவிட்டாள் என்று சொன்னால் துறையில் யாரும் நம்பமாட்டார்கள். மறுநாள் காலையே தாதிமார் அங்கி ஒன்றை மூன்று தடவை தேய்த்தாள். சோற்றில் கை வைத்தபோதும் அதன் கைமடிப்பு கண்முன்னே வந்தது. ஆட்டத்தில் மட்டும் ஒன்று வேறாயிற்று. சித்திரா பௌர்ணமிக்கு ஆட வேண்டும் என்று கோயில்காரர்கள் கேட்டபோது, விட்டுப்போன பெண்ணின் வீட்டுக்குத் தானே போய்க் கூப்பிட்டாள். அவள் வாசலில் நின்றபடியே, "மறுபடியும் மொதல்லேருந்தா?" என்று கேட்டாள்.

"முழுசா ஆடி முடிச்சிடுவோம். திட்டுறதெல்லாம் அதுக்கப்புறம்" என்றாள் செங்கமலம்.

அந்தப் பெண் யோசித்துவிட்டுக் கோலை எடுத்துக்கொண்டு வந்தாள். இப்போது ஒன்பது பேர் ஆகிவிட்டார்கள். வீராயி, தான் பிச்சைமுத்துவோடு நின்று பாடுவதாகச் சொன்னாள், பாடிக்கொண்டே ஆடுவதுதானே தன் வம்பு என்றாள். செங்கமலம் ஒத்துக்கொள்ளவில்லை. ஆளுக்கு ஒரு நாள் மாறி நின்று ஆடட்டும் என்றாள்.

முதல் நாள் ஒத்திகையில் இரண்டாம் சுற்றிலேயே திரும்பி வந்தவள் கயிற்றைத் தொய்யவிட்டாள். செங்கமலத்தின் வாய் திறந்தது. பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. வாயை மூடிக்கொண்டு, கோலை நீட்டி வந்த அடுத்தவளை நோக்கிப் போனாள்.